மலைக்கு ‘அன்டூ’ கிடையாது

எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தம்பி போடியில் பெண் பார்க்கப் போயிருந்தான். பெண்ணின் மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“மாப்பிள்ளை என்ன தொழில் பாக்குறாப்ல?”

“ஆட்டோகேட் பண்றேன் மாமா.”

மாமா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “ஆட்டோவா, கேட்டா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. கேட்டுன்னா நம்ம தோட்டத்துக்கு ஒண்ணு போட வேண்டியிருக்கு.”

கல்யாணம் நடந்துவிட்டது. கேட்டும் போட்டாகிவிட்டது. பையன் ஆட்டோகேட்டில் வரைந்து, பட்டறையில் கொடுத்து அடித்த கேட். ‘மாப்பிள்ளை செஞ்ச கேட்டு’ என்று மாமா இன்றைக்கும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆக, அவர் கேட்டதிலும் தப்பில்லை.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். வீட்டு பிளான் போடுகிறவர், சர்வேக்காரரிடம் உதவியாளராக இருக்கிறவர், கிரில் பட்டறைக்காரர், மெட்டில் ஏலத் தோட்டங்களுக்குக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர் என்று கலந்துகட்டியாக இருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் கிடையாது. அதனால் சண்டையும் கிடையாது. டீச் செலவு சுற்று முறையில்.

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1980-களில் கனடாவில் வான்கூவர் நகரத்து ஆட்டோகேட்காரர்கள் இப்படித்தான் கூடினார்கள். தங்களுக்குள் சுற்றுக்கு விட ஒரு செய்திமடல் நடத்தினார்கள். அதுதான் பிற்பாடு ‘கேடலிஸ்ட்’ என்ற முழுப் பத்திரிகையாக வளர்ந்தது. எங்கள் ஆட்கள் இன்னும் வாட்ஸ்அப்பைத் தாண்டவில்லை. அதில் பாதி ‘காலை வணக்கம்’. மீதிப் பாதியில் தேறியதை இந்த வாரம் உங்களுக்குத் தருகிறேன்.

சூரியன் முதல் தகடு வரை

புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணே, எந்த ஸ்கேல்ல வரையணும்?”

எந்த ஸ்கேலிலும் வரைய வேண்டாம். இருக்கிற அளவிலேயே வரையுங்கள். நாற்பதடி வீடு என்றால் நாற்பதடிக்கே கோடு போடுங்கள். ஸ்கேல் என்பது காகிதத்துக்கு வந்த கஷ்டம். கம்ப்யூட்டருக்குள் இடப்பற்றாக்குறை இல்லை.

ஆட்டோகேட்டை உண்டாக்கிய ஆட்டோடெஸ்க் கம்பெனியை 1982-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியவர் ஜான் வாக்கர். மைக்கேல் ரிடில் என்பவர் எழுதி வைத்திருந்த ‘இன்டராக்ட்’ என்ற புரோகிராம்தான் ஆட்டோகேட்டின் தாய்வீடு. வேடிக்கை என்னவென்றால், ‘ஆட்டோடெஸ்க்’ என்பது அவர்கள் செய்ய நினைத்த வேறொரு ஆபீஸ் சாஃப்ட்வேரின் பெயர். அது உருப்படவே இல்லை. பெயர் மட்டும் கம்பெனிக்கு மிஞ்சியது. நம் ஊரில் பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயரைக் கடைக்கு வைப்பதுபோல.

இந்த வாக்கர் சூரியக் குடும்பம் முழுவதையும் அசல் அளவில் ஒரே டிராயிங்காகப் போட்டார். மாதிரிப் படமாக வெகுகாலம் புழங்கிய கோப்பு அது. புளூட்டோவின் பாதையிலிருந்து ‘ஜூம்’ செய்துகொண்டே போனால் பூமி வரும். பக்கத்தில் நிலா. நிலாவில் மனிதர்கள் இறங்கிய கலம். அதன் காலில் பதித்த தகடு. தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். எல்லாம் ஒரே கோப்பில்.

இவ்வளவு பெரிய மைதானத்தைக் கொடுத்த பிறகும் நாம் சில்லமரத்துப்பட்டி வீட்டை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தால், வாக்கர் ஆத்மா என்ன நினைக்கும்? (அவர் 2024 பிப்ரவரியில் காலமானார். எங்கள் மொட்டை மாடியில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். கீழ்வீட்டுக்காரர் பயந்துபோய் மேலே வந்து பார்த்தார்.)

கூடவே ஒரு பழக்கம். வெளியிலிருந்து ஒரு டிராயிங் வந்தால் முதல் வேலையாக ‘டிஸ்ட்’ கட்டளை கொடுத்து ஏதாவது ஒரு கதவை அளந்து பாருங்கள். 900 என்று வந்தால் மில்லிமீட்டர். 0.9 என்றால் மீட்டர். 36 என்றால் அங்குலம். 3 என்றால் அடி. கதவு பொய் சொல்லாது. இதைப் பார்க்காமல் இன்னொரு டிராயிங்கை உள்ளே இழுத்தால், மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில், வீட்டுக்குள் ஒரு கட்டில் போடி தாலுகா அளவுக்கு வந்து உட்காரும்.

ஒன்றரை அடி

சிரித்தது போதும். ஒரு விஷயம் சொல்லவேண்டும்.

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகிற சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. அந்த மலைச் சரிவில் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று கட்டினார்கள். யார் தோட்டம், யார் போட்ட டிராயிங் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

கட்டடத்தின் பின்சுவருக்கும், மலைப்பக்கம் எழும்ப வேண்டிய தடுப்புச் சுவருக்கும் இடைவெளி பத்தரை அடி என்று டிராயிங். ராத்திரி பதினோரு மணிக்கு ஓனரிடமிருந்து போன். “ஜீப் திரும்பணும்ப்பா, பன்னெண்டு அடி வேணும்.” காலையில் பிரின்ட் போக வேண்டும். வரைந்த பையன் என்ன செய்தான்? சுவரை நகர்த்தினால் வடிகால் நகர வேண்டும், படி நகர வேண்டும், மண் வெட்டு மாற வேண்டும். அதனால் டைமென்ஷன் மேல் இரண்டு தட்டுத் தட்டி, 10'-6" என்பதை அழித்துவிட்டு 12'-0" என்று டைப் அடித்தான். கோடு அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் மாறியது. கொட்டாவி விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

ஸைட்டில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் டோட்டல் ஸ்டேஷன்காரர். அவர் காகிதத்தைப் பார்ப்பதில்லை. கோப்பிலிருந்து புள்ளிகளை எடுத்து முளை அடிப்பார். அவர் கணக்கு பத்தரை அடி. பொக்லைன் அந்த முளைப்படி சரிவை வெட்டிவிட்டுப் போய்விட்டது. இன்னொருவர் மேஸ்திரி. அவர் கோப்பைப் பார்ப்பதில்லை, பிரின்ட்டும் டேப்பும்தான். அவர் கணக்கு பன்னிரண்டு. தடுப்புச் சுவருக்கு வானம் பறிக்க டேப்பைப் பிடித்தார். ஒன்றரை அடி உதைத்தது.

“பொக்லைன்காரன் கொறைச்சு வெட்டிட்டுப் போய்ட்டான்டா” என்று திட்டிக்கொண்டே, ஆட்களை விட்டு மண்வெட்டியால் சரிவின் அடிப்பாகத்தை மட்டும் இன்னும் ஒன்றரை அடி சுரண்டிவிட்டார். மேலே இருக்கிற மண் அப்படியே நிற்கிறது. கால் மட்டும் போய்விட்டது.

ஐப்பசி மாசம். அன்றைக்கு ராத்திரி மழை.

விடிந்தபோது சரிவு இறங்கி வந்து பில்லர் குழிகளை மூடியிருந்தது. ஏலச்செடிகள் ஒரு வரிசை போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் ராத்திரி என்பது மட்டும்தான். முந்தைய சாயந்திரம் ஐந்து மணி வரை அந்தக் குழிக்குள் எட்டுப் பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாயத்தில் எல்லோரிடமும் அவரவர் பக்கத்துக்கு அத்தாட்சி இருந்தது. டோட்டல் ஸ்டேஷன்காரர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மேஸ்திரி சேறு படிந்த பிரின்ட்டை விரித்துக் காட்டினார். இரண்டும் ஒரே டிராயிங். ஒன்றுக்குள் இரண்டு அளவு.

இதைக் குழுவில் சொன்னபோது யாரும் அந்தப் பையனைத் திட்டவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த டைமென்ஷன் மேல் இரண்டு தட்டுத் தட்டாத கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். கோச்சிங் சென்டரில் முந்நூறு கட்டளை சொல்லித் தருகிறார்கள். அதில் ‘அன்டூ’ உண்டு. ‘ஊப்ஸ்’ என்றே ஒரு கட்டளை உண்டு. ‘அடடா’ என்று சொல்வதற்கே ஒரு கட்டளை வைத்த புண்ணியவான்கள். கடைசியாக அழித்ததை அது மீட்டுக் கொடுக்கும், நடுவில் வேறு வேலை பார்த்திருந்தாலும் சரி. வெட்டிய மலைக்கு அப்படி எதுவும் கிடையாது என்று மட்டும் எந்த சென்டரிலும் சொல்வதில்லை.

அதனால் குழுவின் முதல் விதி: டைமென்ஷன் எழுத்தைக் கையால் மாற்றாதே. கோட்டை நகர்த்து, எழுத்து தானாக மாறும். அளவோடு ஏதாவது சேர்த்து எழுத வேண்டும் என்றால் (‘குறைந்தபட்சம்’ என்பதுபோல), எடிட் பெட்டியில் ஒரு ஜோடி கோண அடைப்பை மட்டும் விட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். கோண அடைப்பு இருக்கிற இடத்தில் உண்மை அளவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேறொருவர் தந்த டிராயிங்கில் சந்தேகமா? டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ என்ற கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் யோக்கியமான டைமென்ஷன். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் உண்மைக்குத் திருப்ப, எக்ஸ்பிரஸ் டூல்ஸில் ‘ரீசெட் டிம் டெக்ஸ்ட் வேல்யூ’ இருக்கிறது. பிரின்ட் போவதற்கு முன்னால் ஒரு தடவை தட்டுங்கள். அதற்கு ஆகிற நேரம் ஒரு கொட்டாவி.

பதினான்கு என்றால் பதினான்கா?

வளைவு என்றதும் ஞாபகம் வருகிறது. மலைச் சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட கையேடு ஐ.ஆர்.சி. 52. கொண்டை ஊசி வளைவுக்கு வெகுகாலமாகப் பாடப் புத்தகங்களில் புழங்கும் அளவுகள் இவை: உள்வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. வளைவுக்குள் நுழையும் இடைவளைவு 15 மீட்டராவது வேண்டும். வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-க்கு மிகக்கூடாது. அதற்காக மட்டமாகவும் இருக்கக்கூடாது, தண்ணீர் ஓட 200-க்கு 1-ஆவது வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையே 60 மீட்டர். வேலைக்கு எடுக்கும்போது புதிய பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஆட்டோகேட்டில் போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நம் பிள்ளைகள் சாலையின் இரண்டு கைகளை இணைகோடாகப் போட்டு, ‘ஃபில்லட்’ கொடுத்து, ஆரம் 14 என்று தட்டி, இரண்டு கோட்டையும் தொடுவார்கள். அழகான அரைவட்டம் வரும். சந்தோஷம். ஆனால் கோடுகள் இணையாக இருந்தால் ஃபில்லட் நீங்கள் சொன்ன 14-ஐக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் பாதியைத் தானே ஆரமாக எடுத்துக்கொள்ளும். கைகள் 20 மீட்டர் தள்ளி இருந்தால் கிடைப்பது 10 மீட்டர் வளைவு. எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே ஃபில்லட் போட்டவுடன் அந்த வில்லைத் தொட்டு ஆரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. உள்விளிம்பைப் போட்டுவிட்டு வெளிவிளிம்புக்கு ‘ஆஃப்செட்’ தட்டுவது. சாலை வளைவிலும் அதே அகலம்தான் வரும். ஆனால் லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். வளைவில் அகலம் கூடவேண்டும் என்பது அதனால்தான். சந்தேகம் இருப்பவர்கள் மெட்டுக்கு பஸ்ஸில் ஏறும்போது டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்காருங்கள். வளைவுக்கு முன்னால் அவர் வண்டியை எவ்வளவு வெளியே தள்ளிப் பிடித்துத் திருப்புகிறார் என்பதைப் பாருங்கள். எந்தப் புத்தகத்தைவிடவும் தெளிவாக விளங்கும்.

உசிலம்பட்டி தாண்டினால் வேறு உலகம்

2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோய், 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. குழுவுக்கு மதுரை நண்பர்களும் வர ஆரம்பித்தார்கள். அதில் ஒரு புதுச் சிக்கலும் ஏறி வந்தது.

ஜி.பி.எஸ்., டிரோன் சர்வேக்களில் புழங்கும் யு.டி.எம். முறையில் பூமியை ஆறு ஆறு டிகிரியாகக் கீறி மண்டலம் பிரித்திருக்கிறார்கள். 78 டிகிரி தீர்க்கரேகை ஒரு எல்லை. அதற்கு மேற்கே 43, கிழக்கே 44. தேனி, போடி, உசிலம்பட்டி எல்லாம் 43. மதுரை 44. மதுரையில் ரயில் ஏறுகிறவர் உசிலம்பட்டி வந்து சேருவதற்குள் மண்டலம் மாறிவிடுகிறார். டிக்கெட் பரிசோதகர்கூடக் கேட்பதில்லை.

கருவியில் மதுரைப் பழக்கத்தில் 44 என்று வைத்துக்கொண்டே போடியில் அளந்தால் என்ன ஆகும்? போடியின் கிழக்குத் தூரம் 43-ல் ஏழரை லட்சம் மீட்டரை ஒட்டி வரும். 44-ல் கணக்கிட்டால் ஒரு லட்சத்தை ஒட்டி. இரண்டு சர்வேயையும் ஒரே டிராயிங்கில் வைத்தால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவுடன் சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், ‘மூவ்’ கொடுத்து இழுத்து வந்து கண்ணளவில் பொருத்திவிடுகிறார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. இரண்டு மண்டலத்தின் வடக்கும் ஒரே வடக்கு அல்ல; படம் சற்றே திரும்பியிருக்கும். சர்வேக்காரரிடம் கேட்டு 43-க்கு மாற்றி வாங்குங்கள். வேலி ஓரத்தில் நாலடி குறைந்தால் அண்ணன் தம்பியே கோர்ட்டுக்குப் போகிற ஊர் இது.

அப்படியே பட்டாவையும் ஒரு பார்வை. அதில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஓனர் சென்ட்டில் பேசுவார். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ‘குழி’ என்று யாராவது ஆரம்பித்தால், எந்த ஊர்க் குழி என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மேஸ்திரிக்கு ஒரு கோடு

டிராயிங் கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது? மேஸ்திரியின் செல்போனில். பி.டி.எஃப். ஆகப் போய், அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், ‘பேப்பருக்கு அடங்குகிற மாதிரி’ பிரின்ட் ஆகி வரும்போது நூறில் ஒன்று என்று நீங்கள் எழுதிய ஸ்கேல் செத்திருக்கும். அதன்மேல் ஸ்கேலை வைத்து அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வழி எளிது. எல்லா டிராயிங்கிலும் ஒரு மூலையில் ஐந்து மீட்டருக்கு ஒரு பட்டைக் கோடு போட்டுவிடுங்கள், மைல்கல் மாதிரி கறுப்பு வெள்ளையில். ஜெராக்ஸ் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். அதை வைத்து அளந்தால் கணக்கு தப்பாது.

இன்னொரு ஆபத்து ‘டெஃப்பாயின்ட்ஸ்’ என்ற லேயர். டைமென்ஷன் போட்டால் தானாக முளைக்கும். அதில் இருப்பது திரையில் தெரியும், பிரின்ட்டில் வராது. ஒரு சுவர் தெரியாத்தனமாக அதற்குள் போய் விழுந்தால், உங்களுக்குச் சுவர் உண்டு, மேஸ்திரிக்கு இல்லை. ஆகவே திரையைப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். பிரின்ட்டைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

செய்திகள்

\* வீட்டு பிளான்காரர்கள் கவனத்துக்கு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடியாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து ஆன்லைனில் அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் யோசியுங்கள்: முன்பு ஆபீஸில் யாரோ ஒருவர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். இப்போது அந்தச் சிவப்பு மை உங்கள் கையில். மலைப் பகுதிப் பாதுகாப்புக்குள் வருகிற கிராமங்களுக்குத் தனி அனுமதி உண்டு. சர்வே நம்பரைப் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். மெட்டில் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே அவர்களுடைய 2019 பஞ்சாயத்துக் கட்டட விதிகள், இந்தப் பக்கம் நம்முடைய 2019 விதிகள். வருஷம் ஒன்று, விதி வேறு.

\* ஓசியில் வருகிற லிஸ்ப் கோப்புகளில் ஜாக்கிரதை. 2012-ல் ‘மெட்ரே’ என்று ஒரு வைரஸ் பிடிபட்டது. ஆட்டோலிஸ்ப்பிலேயே எழுதியது. பெரு நாட்டில்தான் அதிகம் பரவியது; திறக்கிற டிராயிங்கையெல்லாம் சீனாவில் இருந்த மெயில் முகவரிகளுக்கு ரகசியமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பல்லாயிரம் டிராயிங் போயின. யாராவது அனுப்பிய ஜிப்பில் டிராயிங்கோடு ‘ஏகேட்’ என்று பெயர் தொடங்கும் லிஸ்ப், ஃபாஸ், வி.எல்.எக்ஸ். கோப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், திறக்கும் முன் அதைத் தனியே எடுத்துப் போடுங்கள். ‘செக்யூர்லோட்’ 1 அல்லது 2 என்று இருக்கட்டும்.

கேட்டார்கள், சொன்னோம்

தேவாரத்திலிருந்து ஒரு நண்பர்: “சாஃப்ட்வேரை ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடியாதா?”

ஆட்டோகேட்டை முடியாது. 2016-ல் அந்த விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வாடகைதான். சின்ன வேலைக்கு ‘எல்.டி.’ போதும்; 2024 பதிப்பிலிருந்து அதிலும் ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது. காசே இல்லையென்றால் ‘லிப்ரேகேட்’ இலவசம். தட்டைப் படங்களுக்குப் போதும், டி.எக்ஸ்.எஃப். ஆக வாங்கிக் கொடுங்கள். ‘ஃப்ரீகேட்’டும் இலவசம். 2002-ல் ஆரம்பித்து 2024 நவம்பரில்தான் 1.0 என்று போட்டுக்கொண்டார்கள். அவ்வளவு அடக்கம் நம் ஆட்களுக்கு வராது. திருட்டு காப்பி வேண்டாம். அதில் வருவது சாஃப்ட்வேர் மட்டும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

சின்னமனூர்: “இரண்டு ரூம் வீடு, கோப்பு நாற்பது எம்.பி. ஏன்?”

மூன்று தலைமுறைச் சாமான் உள்ளே கிடக்கிறது. ‘ஓவர்கில்’ கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை ஒழியுங்கள். ‘பர்ஜ்’ கொடுத்து உபயோகமில்லாத பிளாக், லேயர்களைக் கழியுங்கள். ‘ஆடிட்’ ஓட்டுங்கள். அப்படியும் இளைக்கவில்லை என்றால் ‘டபிள்யூபிளாக்’ மூலம் வேண்டியதை மட்டும் புதுக் கோப்பாக எழுதிக்கொள்ளுங்கள். போகிப் பண்டிகை வருஷம் ஒரு தடவைதான் வரவேண்டும் என்று சட்டமில்லை.

போடிமெட்டு: “கரன்ட் போய் மூணு மணி நேர வேலை போச்சு.”

முழுதும் போயிருக்காது. ஆட்டோமேடிக் சேவ் பத்து நிமிடத்துக்கு வைத்திருந்தால் ‘டிராயிங் ரெகவரி மேனேஜர்’ காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே ‘பாக்’ என்று முடிகிற கோப்பு, அதற்கு முந்தைய சேவ். பெயரின் வாலை மாற்றினால் திறக்கும். மெட்டில் மழைக்காலத்தில் கரன்ட்டை நம்புகிறவர்கள் பத்தை ஐந்தாக்கிக்கொள்ளவும்.

மேலச்சொக்கநாதபுரம்: “டிராயிங்கில் தமிழில் எழுதினால் அடுத்த கம்ப்யூட்டரில் கேள்விக்குறியாக வருகிறது.”

பழைய எழுத்துருக்களை விடுங்கள். லதா, நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துருவில் எம்-டெக்ஸ்ட்டாக எழுதுங்கள். ‘இங்கே தோண்டாதே’ என்று தமிழில் ஒரு வரி எழுதினால், குழிக்குள் நிற்கிறவருக்கும் புரியும். அந்த ஒரு வரிக்காகவாவது இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உத்தமபாளையம்: “அஞ்சு வருஷமாக டிராயிங் போடுகிறேன். சம்பளம் ஏறவே இல்லை. என்ன புதுக் கட்டளை கற்றுக்கொள்ளலாம்?”

கட்டளை போதும். கடைசியாக நீங்கள் வரைந்த ஐந்து டிராயிங்கில், எத்தனை இடத்தை நேரில் போய்ப் பார்த்தீர்கள்? ஒன்றுமில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். நீங்கள் போட்ட கோடு மண்ணில் எங்கே விழுந்திருக்கிறது என்று நின்று பாருங்கள். மேஸ்திரியோடு ஒரு டீ குடியுங்கள். உங்கள் டிராயிங்கில் எது புரியவில்லை என்று கேளுங்கள். சொல்வார், கூச்சப்படாமல். திரும்பி வந்து போடுகிற அடுத்த டிராயிங்கை உங்கள் முதலாளி பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். சம்பளம் ஏறுமா என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. ஆனால் ராத்திரி மழை பெய்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்த முறை: அளந்துகொண்டு வந்த கணக்கை மறுபடி அளக்காமலே சரிபார்ப்பது எப்படி? டீச் செலவு பட்டறைக்காரருடையது.